வாயில்லாத விருந்தாளி

திருமுல்கேரி,
புதன்கிழமை

மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய நீலா அக்காவுக்கு, தம்பி சக்ரபாணி வணங்கி எழுதுவது. இங்கு நானும் என் முழங்காலும் சுமாராக இருக்கிறோம். அத்திம்பேருக்கு இருமல் குறைந்ததா?

நீ சொன்னபடியே இந்த வீட்டைப் பூட்டிவிட்டு, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ரயிலேறி வேலூருக்கே வந்துவிடுகிறேன். கூடவே குடித்தனம் நடத்தின உஷாவும் போன பிறகு எனக்கு இங்கே என்ன வேலை? பதில் தாமதமானதற்குக் காரணம் ஒரு காட்டுப் பட்டுப்பூச்சி. சிரிக்காதே. திங்கட்கிழமை காலை, கொல்லைப் பாதாம் மரத்துக் கூட்டிலிருந்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஒன்று வெளியே வந்து வராந்தாச் சுவரில் உட்கார்ந்துகொண்டது. கீழே புல்லில் ஒரு நீல வண்ணத்துப்பூச்சி, சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை, பூப்பூவாகப் போய்க் குடித்துக்கொண்டே இருக்கிறது. இந்த மகாராணியோ ஒரு சொட்டுத் தொடவில்லை. சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன், வாழைப்பழம் பிசைந்து வைத்தேன், தேன் வைத்தேன், எறும்புதான் வந்தது, எறும்பை விரட்டப்போய்த் தேனில் வழுக்கி விழுந்தேன், விழுந்த இடத்திலிருந்தே, "அந்தப் பொடிசைப் பாத்தாவது ஒரு வாய் குடியேம்மா"ன்னு கெஞ்சினேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு பிந்து ஓடி வந்தாள். காலேஜில் விலங்கியல் நடத்துகிறவள்.

"நக்கோ அங்கிள், வேணாம், விடுங்க. அதுக்கு வாயே கிடையாது. புழுவா இருந்தப்போ தின்னதுதான். இன்னும் ஒரு வாரம் இருக்கும், அவ்ளோதான்."

"பசிக்காதா?"

"பசியே தெரியாது அங்கிள்."

அக்கா, ஆஸ்பத்திரியில் கடைசிப் பத்து நாள் உஷா வாயைத் திறக்கவில்லை. ஸ்பூனும் கையுமாக நின்ற நான் ஒருநாள் அவளைத் திட்டிவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கும் பசித்திருக்காது, இல்லையா? தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். பிந்து துணி எடுத்துவந்து தேனைத் துடைத்தாள்.

இன்று விடியற்காலை பார்த்தால், செந்நிறத்தில் கொஞ்சம் சிறிய ஆண் பூச்சி ஒன்று எங்கிருந்தோ தேடி வந்து அதனோடு சேர்ந்திருந்தது. நான் சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பு. மாடியறையைப் பெருக்கி வை. அத்திம்பேருக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற ஆசி.

உன் தம்பி,
சக்ரபாணி

பி.கு.: வியாழக்கிழமை காலை. விலாசம் எழுதி வராந்தா மேஜையில் வைத்திருந்த கவர் முழுக்க முட்டையிட்டு வைத்திருக்கிறாள் அந்த அம்மாள். பத்து நாளில் புழு வருமாம், ஒரு மாதத்துக்கு மேல் விடாமல் இலை தின்னுமாம். யார் பறித்துப் போடுவது? டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேன். இதை வேறு கவரில் அனுப்புகிறேன். கோபம் வந்தால் நேரில் வந்து திட்டு, அக்கா. வரும்போது இலை பறிக்க ஒரு நீளத் துறட்டி வாங்கி வா.