தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்த்த லோறன்ஸ்

சண்டை முடிந்து சனங்கள் ஊர் திரும்பி, பற்றையை வெட்டி, தறப்பாளை இழுத்துக் கட்டி, அடுப்பை மூட்டி நிமிர்ந்தால், முற்றத்தில் ஒரு மனிதர் பைலோடு நிற்பார். இவர்தான் தீர்வுக்காரர். மன்னார்த் தீவில் இந்த இனம் நன்றாகப் பெருகும். உங்கள் ஊரில் இல்லையா? வடிவாகத் தேடிப் பாருங்கள்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். அவர் வாயில் கஷ்டம் என்ற சொல் வராது. கஷ்டத்துக்கு அவர் வைத்த பெயர் வாய்ப்பு. ரோட்டில் குழி விழுந்தால் வாய்ப்பு, வலையில் மீன் விழாவிட்டாலும் வாய்ப்பு, மன்னார்க் கழுதைகள் கூட்டமாக நின்று பஸ்ஸை மறித்தால் அது மாபெரும் வாய்ப்பு. நீங்கள் வயிற்றுவலி என்று படுத்திருந்தால், உங்கள் ஊரில் எத்தனை பேருக்கு வயிற்றுவலி என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார். மருந்து தருவாரா? அது அடுத்த கட்டம்.

எங்கள் ஊர்த் தீர்வுக்காரர் லோறன்ஸ். இந்தியாவில் அகதி முகாமில் பத்தொன்பது வருடம் கிடந்து திரும்பிய மனிதர். பட்டினத்தில் மூன்று நாள் சுயதொழில் பயிற்சிக்குப் போனார், சோற்றுப் பார்சலோடு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாதா படத்துக்கு மேலே மாட்டப் போனவரை, மனைவி பெற்றிசியாதான் இழுத்துப் பிடித்துக் கீழே மாட்ட வைத்தாள்.

முதல் தொழில், உல்லாசப் பயணிகளுக்குக் கழுதைச் சவாரி. பயணிகள் வரவில்லை. ஒத்திகைக்கு அவரே ஏறினார். எருக்கலம்பிட்டிப் பக்கமாகப் போன கழுதை பின்னேரம் தனியே திரும்பி வந்தது.

தீர்வுக்காரருக்குத் தன்மேல் சந்தேகம் வராது என்று நினைக்காதீர்கள். வரும். வந்தால் இன்னொரு பயிற்சிக்குப் போவார்.

அப்படிப் போய் வந்த பிறகுதான் தண்ணீரைப் பிடித்தார். எங்கள் கிணறுகள் எல்லாம் உப்பு. அந்தத் தண்ணீரில் தேத்தண்ணீர் வைத்தால் குழம்பு என்று நினைத்துச் சோறு கேட்பார்கள். பிரதேச சபையின் பவுசர் லொறி செவ்வாயும் வெள்ளியும் வந்து இலவசமாகத் தண்ணீர் ஊற்றும். நேரத்துக்கு வராது, ஆனால் வரும். நூற்றிருபது குடும்பமும் அதை நம்பித்தான் உலை வைத்தது. லோறன்ஸ் ஒரு தொண்டு நிறுவனத்தின் உதவியோடு லாண்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு இயந்திரமும் தண்ணீர்த் தாங்கியும் எடுத்து, நாலு மைல் தள்ளியிருந்த நல்ல கிணற்றில் அள்ளி வந்து பிளாஸ்டிக் கான் கணக்கில் விற்றார். மீன் முதலாளிகளும், வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்களும் வாங்கினார்கள். மற்றவர்கள் பவுசரைப் பார்த்திருந்தார்கள். ஒருவருக்கும் நட்டமில்லை.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். தீர்வுக்காரர் எங்கே நிறுத்துவார்?

நிறுவனத்தார் படம் பிடிக்க வந்தார்கள். ரோட்டோரம் ஒரு அறிவிப்புப் போட் நடவேண்டும், என்ன எழுதலாம் என்று கேட்டார்கள். 'குடிநீர் விநியோகம்' என்பது அவர்கள் யோசனை. லோறன்ஸுக்கு அது சப்பென்று இருந்தது. அவரே சொல்லிக் கொடுத்தார்: 'இக்கிராமத்தின் குடிநீர்ப் பிரச்சினை தீர்க்கப்பட்டது. தீர்த்தவர்: திரு. லோறன்ஸ்.' நீல எழுத்து, ஆள் உயரம்.

பவுசரை அனுப்புகிற சபை ஐயா அந்த ரோட்டால் போகும்போது போட்டை வாசித்தார். நல்ல மனிதர், எழுத்தை நம்புகிறவர். அடுத்த செவ்வாய் பவுசர் வரவில்லை. வெள்ளியும் இல்லை. தண்ணீர் இல்லாத வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்.

சனிக்கிழமை விடிய லோறன்ஸின் படலையில் குடமும் கானும் வரிசை கட்டின. முன்னுக்கு நின்றவள் றஞ்சினி, கைக்குழந்தைக்காரி.

"லோறன்ஸ் அண்ணை, நீங்கள் தீர்த்தனீங்கள் எண்டு எழுதிக் கிடக்கு. ஊத்துங்கோ."

ஊற்றினார். காசு கேட்க வாய் வரவில்லை. பதினெட்டாவது வீட்டோடு தாங்கி காலி. திரும்ப ஓடினார், திரும்ப ஊற்றினார். நாலாம் நாள் லாண்ட்மாஸ்டர் நடு ரோட்டில் புகைத்துக்கொண்டு படுத்துவிட்டது. றஞ்சினி உப்புத் தண்ணீரில் பால்மா கரைத்தாள், பிள்ளை துப்பியது. அதை லோறன்ஸ் தன் கண்ணால் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து குந்தினார். "நான் செய்தது பிழையோ?"

"தண்ணி குடுத்தது நல்லது," என்றாள் பெற்றிசியா. "அந்தப் போட்டைத்தான் ஒருத்தராலயும் குடிக்கேலாமல் கிடக்கு."

அடுத்த நாள் பெண்கள் எல்லாரும் அவரையும் கூட்டிக்கொண்டு சபைக் கந்தோருக்குப் போனார்கள். ஐயா கதிரையை இழுத்துப் போட்டு வரவேற்றார்.

"நீங்கள்தானே தீர்த்த லோறன்ஸ்? இருங்கோ, இருங்கோ."

"ஐயா, அது தீரேல்லை."

"அப்ப உங்கட கையால எழுதித் தாங்கோ. நான் போட்டை நம்பி மாத்தினனான். இப்ப வாய்ப்பேச்சை நம்பித் திருப்பி மாத்தேலாது."

கடதாசி வந்தது. பேனாவும் வந்தது. கைதான் வரவில்லை. இத்தனை வருடம் முகாமில் வரிசையில் நின்று வாங்கித் தின்ற மனிதர், ஊருக்கு வந்து ஒரேயொரு காரியத்தைத் தன் பெயரில் செய்தேன் என்றிருந்தவர். அதைத் தானே வெட்டவேண்டும் என்றால்? யோசித்து யோசித்து, 'ஓரளவு தீர்ந்தது' என்று எழுதினார்.

றஞ்சினி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "ஓரளவு எண்டா பவுசரும் ஓரளவுதான் வரும். ஒழுங்கா எழுதுங்கோ அண்ணை."

கந்தோரே சிரித்தது. லோறன்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை வெட்டிவிட்டு எழுதினார்: 'தீரவில்லை. என் ஒருவனால் தீராது.' கையெழுத்தும் போட்டார்.

வெள்ளிக்கிழமை பவுசர் வந்தது, வழக்கம்போலப் பிந்தி. லோறன்ஸும் ஒரு கானோடு வரிசையில் நின்றார். லாண்ட்மாஸ்டரைத் திருத்தி இப்போதும் ஓடுகிறார். கலியாண வீடு, கோயில் பெருநாள் என்று பிழைப்புக்குக் குறைவில்லை.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வாசித்துக்கொண்டு வரும்போது, 'லோறன்ஸ் ஒரு மடையன், நான் என்றால் இரண்டு லாண்ட்மாஸ்டர் விட்டிருப்பேன், சந்தா முறையில் கொடுத்திருப்பேன்' என்று உங்கள் மனம் ஒரு கணக்குப் போட்டதா, இல்லையா? போட்டதென்றால் பரவாயில்லை, வெட்கப்படாதீர்கள். தாராளமாக எங்கள் ஊருக்கு வாருங்கள். உங்கள் யோசனையை நாங்கள் எல்லாரும் கூடியிருந்து கேட்போம்.

வரும்போது உங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு வாருங்கள்.