காலனுக்கு ஏழு மைல்

ரீனோவைத் தாண்டிய கேஸ் ஸ்டேஷனில் நின்று திருமூர்த்தி மூன்றாவது முறையாகக் கணக்குப் போட்டார். ஒரு காலன் பெட்ரோலுக்கு ஒன்பது மைல். சாக்ரமென்டோவில் பத்து இருந்தது. டிரெய்லரைக் கட்டி இழுத்தால் வேனின் மைலேஜ் பாதியாகும் என்று தெரிந்துதான் கிளம்பினார். மலை இறங்கிச் சமதரைக்கு வந்தும் குறைந்தால் எந்த என்ஜினியருக்குத்தான் பொறுக்கும்?

படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்த அந்த டிரெய்லர் இரவல். சான் ரமோனில் கூட வேலை பார்க்கும் ஹாஜா நஜ்முதீன் கொடுத்தது. "எனக்கும் பதினொண்ணைத் தாண்டினதே இல்ல. ஆறு வருஷமா காரணம் தேடுறேன்" என்று எச்சரித்துத்தான் கொடுத்தார்.

இந்தப் பயணமே ஒரு பரிகாரம். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும் என்று ஆபீஸ் அலறியதில், பத்து மாதமாக மனைவி வசந்தாமணியிடம் அவர் பேசியது "லேட்டாகும், நீ சாப்பிட்டுப் படு" ஒன்றுதான். அவள் ஒரு குறை சொல்லவில்லை. அதுதான் அவரை அறுத்தது. யெல்லோஸ்டோனில் வெந்நீர் ஊற்று பீறிடுவதைக் காட்டி அவள் மனத்தைக் குளிர வைக்க நான்கு நாள் லீவு வாங்கினார். வாங்கி என்ன? ஓட்டும்போதும் வாய் திறக்கவில்லை மனுஷன். கண்ணெல்லாம் பெட்ரோல் முள்ளில்.

எடை குறையட்டும் என்று டிரெய்லரின் தண்ணீர் டேங்கை நிரப்பாமலேதான் கிளம்பியிருந்தார். இப்போது மடக்கு நாற்காலி, கரியடுப்பு எல்லாவற்றையும் கேட்டவருக்குத் தூக்கிக் கொடுத்தார். எட்டரை. ஏசியை அணைத்தார். நெவாடாவின் ஜூலை வெயிலில் இருவரும் வெந்ததுதான் மிச்சம். எட்டு. ஐம்பதில் உருட்டினார். லாரிக்காரர்கள் ஹாரனாலேயே திட்டினார்கள். ஏழு.

மைலேஜ் குறையக் குறைய, பெட்ரோலுக்கு நிற்கும் இடங்கள் கூடின. ஒவ்வொரு இடத்திலும் கடைக்குள் வரிசையில் நின்று, குற்ற உணர்ச்சியோடு இரண்டு காபி வாங்கி வருவார். வசந்தாமணி நனைந்த செருப்போடு டிரெய்லர் படியில் உட்கார்ந்திருப்பாள். "கை கழுவுனனுங்க" என்பாள்.

பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதலில் டயர் காற்றைப் பற்றிப் பேசினார். அடுத்த இடத்தில், அவள் காலேஜில் சேர ஆசைப்படுவதைக் கேட்டுக்கொண்டார். அதற்கடுத்த இடத்தில், உடுமலையில் பெண் பார்க்க வந்த அன்று அவர் கேசரியில் உப்பில்லை என்று உளறியதைச் சொல்லி அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். எல்கோ என்ற ஊரில் காபி ஆறி, வெயில் தாழ்ந்த பிறகுதான் எழுந்தார்கள். அதற்குள் லீவில் பாதி போய்விட்டது.

"தோத்துட்டேன் வசந்தா. உனக்கு அந்த வெந்நீர் ஊத்தைக் காட்ட முடியல."

"அதனாலென்னங்க, திரும்பிப் போலாம். போற வழியிலயும் காபிக்கடை இருக்குமல்லங்க?"

தன்னைத் தேற்றத்தான் இப்படிச் சிரித்துக்கொண்டு சொல்கிறாள் என்று நினைத்து அவருக்குக் கண் கலங்கியது. இப்படி ஒருத்தியைப் பத்து மாதம் தனியாக விட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டார்.

ஞாயிறு சாயங்காலம் ஹாஜா வீட்டு வாசலில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, ஏழு மைல் என்று தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். ஹாஜா அதிர்ந்துபோய் டயர் டயராகத் தட்டிப் பார்த்தார்.

டீ கொண்டுவந்த ஹாஜாவின் மனைவி தாஜ் நிஷா, வசந்தாமணியை ஓரமாக இழுத்துப் போனாள். ரகசியம் பேசத் தெரியாத தொண்டை அவளுக்கு.

"ஏழுக்கா கொண்டு போனே? அவருக்குத் தெரியாம அரை டேங்க் தண்ணி ரொப்பினா போதும்னுதானே சொல்லிக் குடுத்தேன் வசந்தா, எங்க வீட்டுக்காரர் பதினொண்ணுக்கே எறங்கி வந்து பேசிடுவாரே!"