சரிவராது அண்ணை பார்த்த தாராக்குளம்

டென்மார்க்கில் எனக்கு அதிகம் ஆத்திரமூட்டிய விஷயம் சரிவராது அண்ணைதான். இந்த நாட்டு நவம்பர் மழைக்கு இரண்டாம் இடம். எங்கள் இறைச்சித் தொழிற்சாலையின் மேற்பார்வையாளனுக்கு மூன்றாம் இடம். மழையாவது இடையிடையே விடும்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளத் தாளில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. எதைக் காட்டினாலும் ஒருதரம் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், "சரிவராது" என்பார். எங்கள் ஊரான ஹோர்சன்ஸில் அவரைக் கேட்காமல் வீடு வாங்கிய தமிழன் இல்லை. அவரைக் கேட்டபிறகு அந்த வீட்டில் நிம்மதியாகப் படுத்தவனும் இல்லை. என் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்தபோதும் வந்தார். கூரையைப் பார்த்தார்.

"சரிவராது."

"அண்ணை, நாளைக்குக் கலியாணம்."

"அது கூரைக்குத் தெரியுமோ?"

அடுத்த நாள் தாலி கட்டும் நேரம் என் தலைக்கு நேர்மேலே ஒழுகியது. அதற்காக நான் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஒழுகப்போவது தெரிந்தால் வாளியோடு வந்திருக்கலாமே!

நான் சொல்லவந்தது தாரா வேட்டைக் கதை, காட்டு வாத்து வேட்டை. அது ஊரில் போர் முடிந்த வருடம். மே மாதத்தோடு எல்லாம் முடிந்தது என்று உலகம் சொன்னது. எனக்கு எதுவும் முடியவில்லை. அக்காவும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் எங்கே என்று தெரியாது. ஓகஸ்டில்தான் ஒருவர், அவர்களை வவுனியாவில் அகதி முகாமுக்குள் கண்டதாகத் தகவல் அனுப்பினார். உள்ளே யாரோ ஒளித்து வைத்திருக்கும் போனில் சனங்கள் முறை வைத்து இரண்டிரண்டு நிமிடம் கதைக்கிறார்களாம். அக்காவின் முறை எப்போது வரும் என்று சொல்லமுடியாதாம். நாங்கள் திருப்பி எடுக்கக்கூடாதாம். தவறவிட்டால் தவறவிட்டதுதான். அக்காவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் கைப்போன் இலக்கம் ஒன்றுதான்.

ஆகவே போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தில் கட்டி, மேலங்கிக்குள்ளே விட்டுக்கொண்டு பன்றி வெட்டினேன். வெட்டும் இடத்தில் போனுக்குத் தடை. ஆனால் மேற்பார்வையாளன் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் சரிவராது அண்ணை அவனை மறித்து, கத்தி தீட்டும் கல் சரிவராது என்று சண்டைக்குப் போவார். நல்ல புதுக் கல். இந்த மனிதனுக்கு ஒரு கல்லைக்கூடச் சும்மா விடத் தெரியாது என்று எனக்கு அதுவும் எரிச்சல்தான்.

நானும் அவரும், எங்களோடு வேலை செய்த யோகனும் அதற்கு முதல் வருடம்தான் வேட்டைப் பரீட்சை எழுதித் தேறியிருந்தோம். அந்த அனுமதிப் பத்திரம் இல்லாமல் இந்த நாட்டில் ஒரு காகத்தையும் சுடமுடியாது. பரீட்சையில் சரிவராது அண்ணை, கேள்வி பிழை என்று எழுதிவைத்துவிட்டும் தேறினார். யோகன் பெந்தகோஸ்து சபைக்காரன். தேறியதைச் சபையில் எழும்பிநின்று சாட்சி சொன்னான். அக்டோபர் வந்ததும் அவன்தான் தொடங்கினான்.

"அண்ணை, மூண்டு பேரும் ஒருக்கா தாரா சுடப் போவம். வீட்டுக்கையே இருந்தா விசர் பிடிச்சிடும்."

மனைவியும் அதையே சொன்னாள். "போட்டு வாங்கோ. நீங்கள் பாக்கிற பார்வைக்கு அந்தச் சுவர் விழுந்திடும். வரேக்கை ஒரு தாராவெண்டாலும் கொண்டு வாங்கோ." சொல்லிவிட்டுக் கறிக்கு மல்லி, மிளகாய்ச் சரக்கும் வறுத்து வைத்தாள். அவளுக்குக் காலைவேளையில் முதியோர் இல்லத்தில் வேலை. அங்கேயும் போன் கூடாது. எனவே நான் எங்கே போனாலும் போன் என்னோடுதான் வரவேண்டும்.

முதன்முதலாகப் போகிறோம். நல்ல இடம் வேண்டும், நல்ல வழிகாட்டி வேண்டும். நான் பத்துப் பேரிடம் விசாரித்து, சில்க்போர்க் பக்கத்தில் காட்டுக்கு நடுவே ஓர் ஏரி கண்டுபிடித்தேன். அங்கே இருந்த வழிகாட்டி இராணுவத்தில் இருந்து இளைப்பாறியவர். இரண்டு நாய்கள். அவர் சீட்டியடித்தால் நாய் தண்ணீருக்குள் பாயும், இன்னொரு சீட்டிக்குத் தாராவோடு திரும்பும். சரிவராது அண்ணை, "ஒருக்கா பாத்திட்டு வாறன்" என்று சனிக்கிழமை யோகனின் காரில் போனார். பின்னேரம் வந்தார்.

"சரிவராது."

"ஏன்?"

"மரம் கூட."

"மரத்தையோ அண்ணை சுடப்போறம்?"

"மரம் கூட எண்டா மரம் கூடத்தான். விடு."

அடுத்தது மேற்குக் கரை. நாணலுக்குள் காலை வைத்தால் தாராவில்தான் கால்படும் என்று எங்கள் தொழிற்சாலை டேனிஷ்காரர்களே சொன்ன இடம். அங்கேயும் போனார்.

"சரிவராது. அந்த வழிகாட்டி சட்டம் கதைக்கிறான். அது கூடாது, இது கூடாது எண்டு."

"வேட்டைக்குச் சட்டம் இருக்குத்தானே. நீங்களும் நானும் படிச்சுத்தானே பாஸ் பண்ணினனாங்கள்!"

"அவன்ரை முகமும் சரிவராது."

மூன்றாவதாக ஒரு தீவு. கப்பலில் போகவேண்டும் என்பதால் அதைப் போய்ப் பார்க்காமலே சரிவராது என்றுவிட்டார். எனக்குக் கொதித்தது. "நீங்கள் தாரா சுடப்போறியளோ, தாராவுக்குச் சம்பந்தம் பேசப்போறியளோ?" என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த அக்டோபரில் யாரையாவது ஏசவேண்டியிருந்தது. ஏசவேண்டியவர்கள் எல்லாரும் தூரத்தில் இருந்தார்கள். இவர் கைக்கெட்டும் இடத்தில் நின்றார்.

யோகன் என்னைத் தனியே கூப்பிட்டான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அண்ணை, ஏசாதையுங்கோ. அந்தாளுக்குள்ளை ஏதோ நடக்குது. ரெண்டு இடத்திலையும் நான் மழையெண்டு காருக்குள்ளை இருந்தனான். அவர் ஒரு தாராவையும் பாக்கேல்லை. வலக்கையை வானத்துக்கு உயர்த்திக்கொண்டு சதுப்புக்குள்ளை அங்காலும் இங்காலும் நடக்கிறார். நிக்கிறார், மேலை பாக்கிறார், திரும்ப நடக்கிறார். எங்கடை சபையிலை ஆவி இறங்கேக்கை இப்பிடித்தான்."

"சரிவராது அண்ணைக்கு ஆவியோ?"

"ஒரு கை எழும்பிட்டுது. மற்றக் கையும் எழும்பும் பாருங்கோ."

பன்னிரண்டு வருடமாக யோகன் அவரைச் சபைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருடமும் சரிவராது என்றுதான் பதில். இப்போது அந்தக் கைக்காக உபவாசம் இருக்கத் தொடங்கிவிட்டான்.

கடைசியில் சரிவராது அண்ணை தானாகவே ஓர் இடம் பார்த்து வந்தார். ஹோர்சன்ஸுக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு வயல். வயலின் நடுவில் குளம் என்று அவர் சொன்ன ஒன்று. என் கண்ணுக்கு அது டிராக்டர் புதைந்த பள்ளம். ஒரு பக்கம் லொறிகளின் இரைச்சல். மறுபக்கம் வானத்தில் குத்திய மாதிரி ஒரு பெரிய இரும்புக் கோபுரம். புத்தியுள்ள தாரா எதுவும் அந்தப் பக்கம் வராது.

வழிகாட்டி அந்த நிலத்தின் சொந்தக்காரி, இங்கர் என்ற எழுபது வயது அம்மா. அவருடைய நாய் கட்டில் மெத்தை மாதிரிக் கொழுத்துக் கிடந்தது. அதற்குத் தண்ணீரென்றால் பயம். அதை அவரே பெருமையாகச் சொன்னார்.

"இது சரிவருமோ?" என்று கத்தினேன்.

"ஓம்" என்றார் சரிவராது அண்ணை. "இது சரிவரும்."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நான் அன்றுதான் கேட்டேன். அதுவும் இந்தப் பள்ளத்துக்கு! நான் வரமாட்டேன் என்றேன். மனைவி வறுத்த சரக்கைக் காட்டினாள். போனேன்.

விடிய முதல் நாணலுக்குள் குந்தினோம். சேறு சப்பாத்துக்குள் வந்தது. வேட்டையில் வழிகாட்டி வாய் திறக்கக்கூடாது என்று பரீட்சைக்குப் படித்திருந்தோம். இங்கரோ கோப்பியை ஊற்றிக்கொண்டு, செத்துப்போன புருசனின் குறட்டையைப் பற்றிச் சாதாரணக் குரலில் கதை சொன்னார். யோகன் தாராக்களுக்காக ஜெபித்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு துவக்கைப் பிடித்திருந்தேன்.

ஆனால் வந்தன. கிழக்கு வெளுக்கும்போது, லொறிச் சத்தத்துக்கு மேலாகச் சிறகுச் சத்தம் கேட்டது. பத்துப் பன்னிரண்டு காட்டுத் தாராக்கள் வளைந்து நேரே எங்களிடம் இறங்கின. நான் துவக்கை உயர்த்தினேன். முன்னால் வந்தது ஓர் ஆண் தாரா, பச்சைத் தலை, கொழுத்தது. விரல் விசையில் கிடந்தது.

என் நெஞ்சுக்குள் நாதஸ்வரம் ஊதியது.

அதுதான் என் போன் அடிக்கும் சத்தம். எந்த இரைச்சலிலும் கேட்கவேண்டும் என்று மிக உரத்து வைத்திருந்தேன். தாராக்கள் அப்படியே ஆகாயத்தில் உடைந்து சிதறின. நாய் இங்கரின் காலுக்குள் ஒளிந்தது. நான் துவக்கின் குழலை மடித்துத் திறந்து சேற்றில் வைத்துவிட்டுப் போனை இழுத்தேன்.

"தம்பி" என்றாள் அக்கா.

பக்கத்து அறையில் நின்று கூப்பிட்ட மாதிரி அவ்வளவு தெளிவு.

"அக்கா! எங்கை நிக்கிறாய்? பிள்ளையள்?"

"பக்கத்திலை நிக்கிதுகள். சின்னவனுக்குக் காலிலை காயம், ஆறிக்கொண்டு வருது. நாங்கள் இருக்கிறம். நீ பயப்பிடாதை."

"அத்தான்?"

இரண்டு நிமிடத்தில் கால்வாசி அந்த இடத்தில் போனது.

"அதை இப்ப கேளாதை, தம்பி. நீ சாப்பிட்டனியோ?"

சேற்றுக்குள் முழங்காலில் நின்றபடி சாப்பிட்டேன் என்றேன். பிறகு யாரோ அவசரப்படுத்தும் குரல் கேட்டது. நின்றுவிட்டது.

போனைத் திரும்பப் பைக்குள் போட்டேன். நிமிர்ந்தபோது இங்கர் அம்மா கோப்பியை நீட்டிக்கொண்டு நின்றார். தாரா போனதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"எதற்கு மன்னிப்பு?" என்றார் அவர். "உங்கள் நண்பர் முதன்முதல் வந்தபோதே கேட்டாரே. தாரா வருமா என்று கேட்கவில்லை. இங்கே போன் எடுக்குமா, நடுவில் அடித்தால் கோபிப்பீர்களா என்றுதான் கேட்டார். மற்ற வழிகாட்டிகள் நிறுத்திவைக்கச் சொன்னார்களாம். மூன்று தரம் வந்து, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வயலை அளந்தார். எந்த நாணலுக்குள் உங்களை இருத்துவது என்றும் அவர்தான் குறித்தார்."

நான் திரும்பினேன். சரிவராது அண்ணை இரும்புக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோடு அஞ்சும் இருந்ததோ?" என்று கேட்டார்.

"ஏன் அண்ணை சொல்லேல்லை?" என்று கத்தினேன். ஐந்து மாதத்துக் கத்தல். "ஒரு வார்த்தை சொல்லக்கூடாதே! எவ்வளவு பேச்சு பேசினனான் உங்களை!"

"சொன்னா நிமிசத்துக்கு ஒருக்கா போனை எடுத்துக் கோடு எண்ணிக்கொண்டிருப்பாய். சரிவராது."

யோகனுக்குத்தான் மனம் விழுந்துவிட்டது. "அப்ப அண்ணை, அந்தக் கை... ஆவி இல்லையோ?"

"சிக்னல்."

யோகன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான். "ரெண்டும் மேலையிருந்துதானே வருது" என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

அன்றைக்கு ஒரு தாராவும் விழவில்லை. வறுத்த சரக்கில் மனைவி கோழிக்கறி வைத்தாள். சரிவராது அண்ணையும் வந்து சாப்பிட்டார். உப்புச் சரிவராது என்றார். எழும்பி அடிப்போமா என்றிருந்தது. இன்னும் இரண்டு கரண்டி போட்டேன்.

இப்போது அவர் புரொண்பி என்ற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்த வீட்டு யன்னலும் சரிவராதாம். நான் எங்கே போனாலும் முதல் வேலையாகப் போனை எடுத்துக் கோடு பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஐந்தும் இருந்தால் அவருக்கு எடுப்பேன்.

"என்ன விசயம்?"

"ஒண்டுமில்லை அண்ணை."

"ஒண்டுமில்லாததுக்கு ஏன் எடுத்தனி? விசரா!" என்று ஏசுகிறார். நானும் திருப்பி ஏசுகிறேன். இரண்டு பேரும் போனை வைப்பதில்லை.