பதினேழாம் வாய்ப்பாட்டில் கிள்ளானுக்கு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் நாங்கள் குடியிருந்த காலத்தில், சுகம் என்ற சொல்லுக்கே ஜென்ம விரோதியாக ஒரு மனிதர் இருந்தார். அவருடைய நிஜப் பெயர் ஆபீஸ் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் ‘கஷ்டம் அண்ணன்’. தெருமுனையில் தலை தெரிந்ததும், “கஷ்டம் வருதுடா!” என்று ஆண்களெல்லாம் வீட்டுக்குள் ஓடி ஒளிவார்கள். பிடிபட்டால் லேக் கார்டன் பூங்கா வரை அவரோடு ஓட வேண்டியிருக்கும்.

ரயில்வே குமாஸ்தாவான அவருக்கு இலவசப் பாஸ் உண்டு. அதை மடிப்புக் கலையாமல் பெட்டியில் பூட்டிவிட்டு எங்கேயும் நடந்தே போவார். ஆபீசில் மின்விசிறி மாட்டிய அன்றே, காற்று எட்டாத மூலைக்குத் தம் மேஜையை இழுத்துக்கொண்டு போனார். ஒருமுறை கடும் காய்ச்சல். நான் வற்புறுத்தி ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சந்தேகம் தட்டிப் பின்னாலேயே போய்ப் பார்த்தால், ரிக்‌ஷாவில் அவருடைய குடை மட்டும் ஒய்யாரமாகச் சாய்ந்திருக்கிறது. அண்ணன் ரிக்‌ஷாக்காரனோடு போட்டிபோட்டு ஓடிக்கொண்டிருக்கிறார்.

“ஏண்ணே இப்படி உடம்பை வதைக்கிறீங்க?”

“சொகுசாவே வச்சிருந்தா, ஒரு நாள் அவசரத்துக்குக் கூப்பிட்டா வருமா தம்பி? மூளையும் அப்படித்தான். சொல்லு, பதிமூணு பதினேழு எவ்வளவு?”

எனக்கு உடனே ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும்.

அந்த வருஷம் மழை விடாமல் கொட்டியது. என் மனைவி தலைப்பிரசவத்துக்காகக் கிள்ளானில் தாய் வீட்டில் இருந்தாள். நாள் நெருங்கிய சமயம் பார்த்து வெள்ளம் தண்டவாளத்தை அரித்துவிட்டது. ரயில் நின்றது, தந்தியும் அறுந்தது. காலையில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். கஷ்டம் அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

“எழுந்திரு. பொழுது சாயுறதுக்குள்ள போயிடலாம்.”

“இருபது மைல்ணே! என்னால முடியாது.”

“அது எப்படித் தெரியும்? நீதான் நடந்து பார்த்ததே இல்லையே!”

தண்டவாளத்தை ஒட்டியே நடந்தோம். பெட்டாலிங் தாண்டுவதற்குள் கால் இரும்பாகக் கனத்தது. மனம் அதைவிட மோசம்; அவளுக்கு என்னென்னவோ ஆகிவிட்டதாகப் படம் காட்டியது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

“பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாச் சொல்லு. தப்பினா முதல்லேர்ந்து.”

எரிச்சலோடு தொடங்கினேன். பத்து தீகா ஸ்டேஷன் போவதற்குள் நாற்பது தடவை தப்பியிருப்பேன். ஆனால் அந்த நேரமெல்லாம் பயப்படுவதற்கு எனக்கு ஒழியவில்லை.

பாடாங் ஜாவாவுக்கு முன்னால் பாதை தண்ணீருக்குள் மறைந்திருந்தது. மார்பளவு ஆழம். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணன் இறங்கினார். நடுவில் என் கால் வழுக்கியது. வாய் நிறையச் சேற்றுத் தண்ணீர்.

“எட்டுப் பதினேழு?” என்று கத்தினார்.

“அண்ணே, முழுகுறேன்!”

“எட்டுப் பதினேழு?”

“நூத்தி முப்பத்தாறு!” என்று அலறினேன். சொல்லி முடித்தபோது கால் தரையில் இருந்தது.

சாயங்காலம் கிள்ளானில் மாமியார் கதவைத் திறந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முதல் நாளே பெண் குழந்தை பிறந்திருந்தது. தாயும் பிள்ளையும் சௌக்கியம்.

“ரயில்தான் ஓடலியே, எப்படி வந்தீங்க?” என்றாள் மனைவி.

“நடந்து.”

“நீங்களா?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னும் இருபது மைல் நடக்கலாம் போலிருந்தது.

குழந்தையைக் காட்டலாம் என்று அண்ணனைத் தேடி வெளியே வந்தேன். வாசல் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். செருப்பை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. சரளைக்கல் கிழித்துப் பாதம் இரண்டும் புண்ணாகியிருந்தன. மாமியாரிடம் தேங்காயெண்ணெய் வாங்கி, அந்தக் கால்களை என் மடியில் எடுத்து வைத்து மெல்லத் தேய்த்துவிட்டேன்.

விழித்தால் விடமாட்டாரே என்று மூச்சைக்கூட அடக்கித்தான் விட்டேன்.