இரண்டு கேமராவில் எதைத் திருப்பி அனுப்புவது என்பது பற்றி

மேல் டிவிசன்,
நமுனுகுல.
ஜனவரி 22, திங்கட்கிழமை

அன்பு மச்சான் நிமலனுக்கு,

நமுனுகுல மலையடியிலிருந்து ரெங்கசாமி எழுதுவது. நானும் உன் அக்கா விஜயலெட்சுமியும் உன் மருமகள் தர்மிளாவும் சுகம். டோஹா வெயிலில் நீயும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை இருக்கட்டும். பொங்கல் நல்லபடியாக முடிந்தது. பானை கிழக்குப் பக்கம் பொங்கியது என்று உன் அக்கா இன்னும் போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதை வாட்ஸ்அப்பில் சொல்லாமல் கடிதமாக எழுதுவதற்குக் காரணம், என் ஃபோனில் வருவது போவது எல்லாம் எனக்கு முன்னால் தர்மிளாவுக்குத் தெரிந்துவிடுகிறது. கடிதத்தை வெள்ளிக்கிழமை மிப்ரான் லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்பும்போது அவன் கையில் கொடுப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளி லீவில் வந்த நீ இரண்டு கேமராவை இங்கே விட்டுப் போனாய். ஒன்று நீ நாலு வருஷமாகப் பாவித்த பெரியது. மற்றது புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு என்று வாங்கி வந்த சின்னது. "ரெண்டையும் பாவிச்சுப் பாருங்க மச்சான், புள்ளைக்குத் தோதானதை வச்சுக்கிட்டு மத்ததை மிப்ரான்கிட்டக் குடுத்துவிடுங்க, முடிவு உங்க கையில" என்று சொன்னாய். நீ அதைக் கேமரா விஷயமாக நினைத்துச் சொல்லியிருப்பாய். எனக்கோ அது தர்மிளா என்ன ஆகப்போகிறாள் என்கிற விஷயம். கேமரா சின்னதாக இருந்தால் பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை நாலு பூவை எடுப்பாள், திங்கட்கிழமை ஆசிரியர் நியமனப் பரீட்சைக்குப் படிப்பாள். பெரிதாக இருந்தால் தொழில். கல்யாண வீடு, சடங்கு வீடு என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்குவாள். தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளையாக இருந்த எனக்கு, என் பிள்ளை மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. அதை உன்னிடம் மறைக்கவில்லை. ஆனாலும் பக்கம் சாயாமல்தான் இரண்டையும் பரிசோதித்தேன், அதன் விவரம் வருமாறு.

முதலில் எடை. மற்றவர்கள் எப்படியோ, எனக்கு ஒரு சாமானின் தராதரம் தராசில்தான் தெரியும். கடைத் தராசை இரவல் வாங்கி வந்து இரண்டையும் நிறுத்தேன். பெரியது ஒரு கிலோ எழுநூற்றைம்பது கிராம், சின்னது எழுநூறு கிராம். தோள்வாருக்கும் லென்ஸ் மூடிக்கும் முறைப்படி கழித்தேன். அன்றைக்குக் காலையில் மூட்டமாக இருந்ததால் ஈரத்துக்கும் கொஞ்சம் கழித்தேன். இதைப் பார்த்துக்கொண்டிருந்த உன் அக்கா, "எங்கொழுந்துல கழிச்சுக் கழிச்சுப் பழகின கை, அவன் கேமராவையும் விடலையே" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் கொழுந்து எடுத்த நாட்களில் சாக்குக்கும் ஈரத்துக்கும் நான் கழித்தது எத்தனை கிலோ என்று அவள் இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறாள். பெரியதை ஒரு மணி நேரம் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயில் வரை போய் வந்தேன், இரண்டு நாள் கழுத்தில் தைலம் போட வேண்டியதாகிவிட்டது.

அடுத்தது பாவிப்பு. சின்னதில் மேலே திருப்புகிற சில்லு ஒன்று இருக்கிறது, அதில் படம் போட்டிருக்கிறான். மனிதத் தலை, மலை, பூ, ஓடுகிற ஆள். மலையை எடுக்க வேண்டுமானால் மலைக்குத் திருப்பு, முடிந்தது. மற்றதை அதுவே யோசித்துக்கொள்ளும். பெரியதில் படம் ஒன்றும் கிடையாது. நாலு இங்கிலீஷ் எழுத்து, இருபது பொத்தான், தோளில் ஒரு குட்டித் திரை. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் நம்மிடமே கேட்கிறது. நான் ரிட்டயர் ஆனதே இந்த மாதிரிக் கேள்விகளிலிருந்து தப்பிக்கத்தான். அதோடு, சின்னதில் இருட்டாக இருந்தால் தலையைத் திறந்துகொண்டு ஒரு லைட் தானாக எழும்புகிறது. பெரியதில் அது இல்லை. இவ்வளவு பெரிய உருப்படியில் லைட் இல்லாமல் இருக்குமா, நம் வீட்டில்தான் கழன்று விழுந்திருக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடினேன். உன் அக்கா கூட்டி வெளியே தள்ளியிருப்பாள் என்று அவளோடு சண்டையும் போட்டேன். மூன்றாம் நாள்தான் தர்மிளா, "அப்பா, பெரிய கேமராவுல அது வர்றதே இல்ல, வேணும்னா தனியா மாட்டணும்" என்றாள். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். கேட்டதற்கு, "நீங்க என்ன தேடுறீங்கன்னு சொல்லவே இல்லையே" என்கிறாள்.

பிறகு பசறைக்கு எடுத்துப் போனேன். மிப்ரானின் தகப்பன் அஸீஸ் எனக்கு முப்பது வருஷப் பழக்கம், துணிக்கடை வைத்திருக்கிறார், உனக்குத் தெரியும். அவரைக் கல்லாவில் உட்கார வைத்துப் பெரியதில் பொத்தானை அழுத்தினேன். விரலை எடுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்குப் படபடவென்று அறுபத்துநாலு படம் எடுத்துவிட்டது. சத்தத்தில் மனுஷன் பயந்து கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை, அறுபத்துநாலிலும் கண் மூடித்தான் இருக்கிறது. "என்ன ரெங்கசாமிண்ணே, ஒரு படம் கேட்டா சினிமாவே எடுத்துட்டீங்க" என்றார். சின்னது அப்படி இல்லை. ஒன்று எடுக்கும், மூச்சு வாங்கும், பிறகு அடுத்தது. என் வயதுக்கு அதுதான் சரி.

இனி எழுதப்போவதைப் படித்து நீ கோபப்படக் கூடாது. மார்கழி மூட்டத்தில் இரண்டையும் வெளியே வைத்திருந்துவிட்டு அடுப்படிக்குள் கொண்டுவந்தேன். கொண்டுவந்ததும் இரண்டு கண்ணாடியும் ஆவி பிடித்து வெள்ளையாகிவிட்டது. தர்மிளா வீட்டில் இல்லை. ஈரம் உள்ளே இறங்கினால் கேமரா கெட்டுவிடும் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. மற்றவர்கள் என்றால் அரிசிக்குள் வைத்திருப்பார்கள். காய்ந்த தேயிலை எப்படி ஈரத்தை இழுக்கும் என்று தோட்டத்துக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டுமா? மாதாமாதம் கிடைக்கிற டஸ்ட் தேயிலையைச் சேர்த்து வைத்திருந்த தகரத்தில் இரண்டையும் புதைத்து மூடிவிட்டேன். மறுநாள் எடுத்தேன். ஈரம் போய்விட்டது, அதில் குறையில்லை. பெரியதை ஒரு துணியால் துடைத்தேன், முன்பு போலவே இருந்தது. அதற்கு இடுக்குக்கு இடுக்கு ரப்பர் வைத்து அடைத்திருக்கிறார்களாம். சின்னதின் லென்ஸைத் திருப்பினால் கரகர என்கிறது, எடுக்கிற படத்தில் வலது பக்க மூலையில் ஐந்து கறுப்புப் புள்ளி விழுகிறது. அஸீஸிடம் அவை குருவிகள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தர்மிளா தகரத்தையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இனி இதுல தேத்தண்ணிதான் ஊத்தலாம்" என்றாள். புள்ளி பெரிய குற்றம் இல்லை. வானத்தை எடுக்காவிட்டால் தெரியாது.

கடைசிப் பரிசோதனை மிப்ரானின் தங்கை நளீராவின் கல்யாணம். அதற்குத்தான் அவன் லீவில் வந்திருந்தான். அவர்கள் வீட்டில் பெண்கள் பக்கத்துக்கு ஆண் கேமராக்காரர் போக முடியாது. அதனால் இதுவரை எந்தக் கல்யாணத்திலும் பெண்கள் பக்கத்தில் ஃபோனில் எடுத்த படம்தான். அஸீஸ் வந்து, "ஒங்க மகளை அனுப்புங்கண்ணே, எங்க பொம்பளைங்களுக்கும் ஒரு நல்ல படம் ஈக்கட்டுமே" என்று கேட்டார். முப்பது வருஷப் பழக்கத்துக்கு முன்னால் என்ன சொல்வது? தர்மிளா இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், நான் காலிப் பையோடு ஆண்கள் பக்கம். ஆறு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற சஹனில் முன்பின் தெரியாத ஐந்து பேரோடு, மடியில் பையை வைத்துக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டேன். நாலு மணி நேரம் கழித்து வெளியே வந்தவள், சின்னதை என் கையில் தந்து, "இது லைட்டை அடிச்சு நளீரா அக்கா கண்ணையே திறக்க விடல. லைட்டை நிறுத்துனா படம் குருணை குருணையா வருது. எல்லாம் பெரியதுலதான் எடுத்தேன், ஜன்னல் வெளிச்சமே அதுக்குப் போதும்" என்றாள். அந்தப் படங்களை நான் பார்க்கவில்லை. பெண்கள் பார்க்கிற படம், எனக்குக் காட்ட மாட்டார்கள்.

வினை மறுநாள்தான் ஆரம்பித்தது. அஸீஸ் வீட்டுப் பெண்கள் அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து ஓயவில்லையாம். ஹாலிஎலவிலிருந்து ஒன்று, பதுளையிலிருந்து இரண்டு, நம் டிவிசனில் ஒரு சடங்கு என்று ஒரே வாரத்தில் நாலு வீட்டிலிருந்து தர்மிளாவைக் கேட்டு ஆள் வந்துவிட்டது. பரீட்சைப் புத்தகம் ஜன்னலில் தூசி படிந்து கிடக்கிறது. இதைத்தான் நான் பயந்தேன் நிமலன். படம் எடுக்கிற வேலை இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. கூப்பிட்டால்தான் வேலை. லயத்து வரிசை வீட்டில் பிறந்து, வேலைக்கு வரச் சொல்லி ஆள் வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த காலத்தை நான் பார்த்தவன். என் மகள் அப்படி உட்காரக் கூடாது.

ஆகவே எல்லாப் பரிசோதனையையும் வைத்து என் தீர்ப்பு இது. பழகுகிறவர்களுக்கு ஏற்றது, கழுத்துக்கு நல்லது, தானே யோசிப்பது, மலைப் படம் போட்டது, ஆகிய காரணங்களால் சின்னதை வைத்துக்கொள்கிறோம். பெரியது வெள்ளிக்கிழமை இரண்டு துவாய் சுற்றி மிப்ரானிடம் வரும். இன்று காலை தர்மிளாவிடம் சொல்லிவிட்டேன். "சரிப்பா" என்றாள். உன் அக்காதான், "தாய்மாமன் ஆசையா விட்டுட்டுப் போனதைத் திருப்பி அனுப்புற வீடு இது ஒண்ணுதான்" என்று சொல்லிப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள். நான் மாறுவதாக இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. அம்மன் அருளால் அடுத்த லீவுக்குள் உனக்கும் ஒரு நல்ல இடம் அமைய வேண்டும். வீட்டில் எல்லோரும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன்.

அன்புள்ள மச்சான்,
ரெங்கசாமி

பி.கு.: இது வெள்ளிக்கிழமை, பசறை பஸ் ஸ்டாண்டில் மிப்ரானை நிறுத்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மேலே உள்ள தீர்ப்பைப் படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடு. பெரியது வராது. சின்னதும் வராது, அது எனக்குப் பழகிவிட்டது. தர்மிளா புதன்கிழமையே பெரியதைத் துடைத்து, பேட்டரியைக் கழற்றித் தனியாகச் சுற்றி, பையில் வைத்துவிட்டாள். அழுதிருந்தால் திட்டியிருப்பேன், அழவில்லை. "எல்லாப் படத்தையும் வெளிய எடுத்துட்டேன்ப்பா, மாமாவுக்கு ஒண்ணு மட்டும் உள்ள விட்டுவச்சிருக்கேன்" என்றாள். என்ன படம் என்று நேற்று நான் எடுத்துப் பார்த்தேன். பிறகு பசறைக்கு வந்து ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டேன். ஹாலிஎல கல்யாணத்துக்குத் தர்மிளா வருவாள் என்று அந்த வீட்டுக்கு ஃபோனில் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். எனக்குப் பயம் போகவில்லை, அது வேறு. மிப்ரான் தருகிற கவரை மடக்காமல் வாங்கிக்கொள். அதில் உன் அக்கா இருக்கிறாள், அடுப்படியில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். நீ போன மாதம் கூப்பிட்டுப் பேசிய அன்றைக்கு, பக்கத்தில் நின்று பிள்ளை எடுத்தது. நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் உனக்கு அவள் நெற்றியும் எங்கள் கூரைத் தகரமும்தானே தெரியும். மீதியை இதில் பார்த்துக்கொள்.