சிங்கம் இல்லாத பேனர்

தருமபுரி மாவட்டத்தில் சாதாரண மனிதர் என்று ஒருவரையும் விட்டுவைக்காதவர் எங்கள் அடைமொழி அண்ணன். நான் டிசைனராக இருக்கும் ஃபிளக்ஸ் கடையில் வாசகம் எழுதுபவர். பால் ஊற்றுகிறவரை 'வெண்மைப் புயல்' ஆக்கினார். போர்வெல் போடுகிறவர் அவர் கைபட்டு 'பாதாளத்தின் பகலவன்' ஆனார். அண்ணனின் உண்மைப் பெயர் சம்பளம் கொடுக்கும் முதலாளிக்கே மறந்துவிட்டது.

அப்படிப்பட்டவர் போன வருடம் திடீரென்று தீர்த்தமலைப் பக்கம் பத்து நாள் மௌன தியான முகாமுக்குக் கிளம்பினார். பேச்சு, போன், பேனா எதுவும் கூடாதாம்.

“மூணாம் நாளே சுவரேறிக் குதிச்சி ஓடியாந்துருவாருய்யா” என்றார் முதலாளி.

வரவில்லை. பதினோராம் நாள் வந்தவர் டீகூடக் கேட்காமல் உட்கார்ந்தார்.

நல்லம்பள்ளி கான்ட்ராக்டர் ஒருவருடைய தங்கை குழந்தைக்கு மறுநாள் காது குத்து. தாய்மாமனான அவர் பேனரில் சிங்கத்தின்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஆர்டர். அண்ணன் நெடுநேரம் கண்மூடியிருந்துவிட்டு ஒரு வரி எழுதினார். “சிங்கம் வேண்டாம்” என்று கையாலேயே சைகை காட்டினார். முதலாளி மை வாங்க சேலம் போயிருந்தார். ஆளே மாறி வந்தவரை எதிர்த்துக் கேட்கப் பயந்து நானும் அச்சடித்துவிட்டேன்.

சாயங்காலம் கான்ட்ராக்டர் பேனரை விரித்தார். ஓரத்தில் சின்னதாக அவர், மடியில் குழந்தை. ஆளுயர எழுத்தில், 'கொஞ்சந்தான் வலிக்கும், கண்ணு. நாங்கெல்லாம் இருக்கோம்.'

“யோவ், எஞ் சிங்கம் எங்கய்யா? வலிக்கும்னு பேனர்லயே போடுவீங்களா?”

அப்போதுதான் வந்து இறங்கிய முதலாளி, ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து நின்றார்.

அண்ணன் வாயைத் திறந்தார். “தியான முகாமுல உக்காந்து உக்காந்து மூணாம் நாளு காலு வலியில உசுரு போச்சுங்க. அழுதுட்டேன். இத்தன வருசமா எழுதுனதுல ஒரு வரிகூட ஒதவலைங்க. கொஞ்சந்தான் வலிக்கும்னு யாராச்சும் சொன்னாப் போதும்னு இருந்துச்சு. புள்ளைக்கும் அப்படித்தானுங்க இருக்கும்?”

கான்ட்ராக்டர் தன் செருப்பையே பார்த்தார். பிறகு குரல் இறங்கியது. “அதுஞ் சரிதானுங்க. ஆனா மச்சான் வூட்டு ஆளுங்கெல்லாம் வருவாங்களே. சிங்கமில்லாம எப்படிங்க?”

அண்ணன் உபதேசம் செய்வார், இல்லை வேலையை விட்டே போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ புதுத் தாளை எடுத்தார்.

“மாமன் ஆசையும் நெசந்தானுங்களே. சிங்கம் ஒண்ணு போதுங்களா, ரெண்டா?”

அரை நிமிடத்தில் 'நல்லம்பள்ளியின் நடமாடும் எரிமலை' தயார். நான் சிங்கப் படம் தேட உட்கார்ந்தேன்.

மறுநாள் கட்டப் போனது நான்தான். எரிமலை மண்டப வாசலில் நின்றது. முதல் பேனரை, காது குத்தும் ஆசாரி உட்காரும் இடத்துக்கு நேரெதிரே கட்டச் சொன்னவர் கான்ட்ராக்டர். எட்டு மாதக் குழந்தை என்னத்தைப் படிக்கும்? அவர் தங்கைதான் குழந்தையை இறுக்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வருகிற தையில் எனக்குக் கல்யாணம். கல்யாண பேனர் வாசகத்தை எனக்குக் காட்ட வேண்டாம், நேரே அச்சுக்குப் போட்டுவிடுங்கள் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.