ஹருகாவுக்கு ரொட்டி பிடிக்காத கதை

பசறை,
திங்கட்கிழமை.

ஹல்துமுல்லையில் சுகமாய் இருக்க வேண்டிய அழகையா அண்ணாவுக்கு, தங்கை விஜயலெட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அங்கே உங்கள் மூட்டுவலியும் அண்ணியின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறோம்.

போனில் பேசினால், "வெளிநாட்டுப் புள்ளைய வச்சு நம்மளால பாக்க முடியுமா?" என்று நீங்களே பேசிக்கொண்டிருப்பீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

தேயிலை பற்றிப் படிக்க ஜப்பானிலிருந்து வந்த ஹருகா, நம் வீட்டில் தங்கிப் பதுளை கெம்பஸுக்குப் போய்வருவதாக ஏற்பாடு. அவளுக்குத் தமிழ் வராது, எங்களுக்கு இங்கிலீஷ் வராது. மொழி மாற்றித் தரும் போனுக்கு நம் வீட்டுக்குள் சிக்னல் வராது. "அந்தப் புள்ளைக்குப் புடிக்கலைன்னா பண்டாரவளைல வேற எடம் பாப்போம்" என்று கெம்பஸ் துஷாந்த் சேர் முதலிலேயே சொல்லிவிட்டார். அந்தப் பயத்திலேயே வாசலில் நின்றோம். வந்ததும் அவள் குனிந்து வணங்கினாள், என் வீட்டுக்காரரும் குனிந்தார், அவள் இன்னும் குனிந்தாள், மரியாதையில் தோற்கக் கூடாதென்று இவர் அதைவிடக் குனிய, எதிர்க்கடை பாறூக் நானா ஓடிவந்து, "என்னாண்ணே விழுந்துருச்சு, சாவியா?" என்று டோர்ச் அடித்துத் தேடத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்து வைத்தேன். ஒரு வாய் வைத்தாள், கண்ணை மூடினாள், "ஓய், சீ!" என்றாள். என் சமையலை யாரும் அப்படிச் சொன்னதில்லை, அண்ணிகூட மனதுக்குள்தான் சொல்லியிருப்பார். காரம்தான் காரணமென்று மத்தியானம் வெறும் பருப்பு வைத்தேன், அதற்கும் "ஓய், சீ!" இரவு நெத்தலி பிரட்டினேன், தட்டை வழித்துத் தின்றுவிட்டு மறுபடியும் "ஓய், சீ!"

"பாவம், பசிக்குத் திங்கிது" என்றார் இவர்.

"திங்கட்டும்ங்க, 'ஓய்'னு கூப்புட்டுல்ல 'சீ'ங்குது!" என்றேன்.

"பாணும் ஜாமும் குடுத்துப் பாருங்க தங்கச்சி" என்று பாறூக் நானா துண்டு துண்டாய் வெட்டிய பேக்கரிப் பாணைக் கொண்டுவந்தார். பாணைக் கண்டதும் ஹருகா, "பான்! பான்!" என்று கைதட்டிச் சிரித்தாள். அப்பாடா! அதற்குப் பிறகு அவளுக்கு மூன்று வேளையும் பாண்தான், நாங்கள் குசினி அடுப்போரம் ஒளிந்து ரொட்டி தின்றோம். வாசனைக்கு அவள் கதவோரம் வந்து நின்றால், நான் சட்டியை மூடிவிட்டு ஓடிப்போய் இன்னும் கொஞ்சம் ஜாம் தடவுவேன். பிள்ளையின் முகம் வாடிக்கொண்டே போனது.

நேற்று துஷாந்த் சேர் வந்து விசாரித்ததுதான் தாமதம், பொலபொலவென்று அழுதாள். பண்டாரவளைக்குப் போகப்போகிறாள் என்று நானும் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். சேர் அவளிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அக்கா, 'ஓய்ஷீ'ன்னா அவங்க பாஷைல ருசியா இருக்குன்னு அர்த்தமாம். பாணுக்கு அங்கயும் 'பான்'னுதான் பேராம், அதான் சிரிச்சிருக்கு. 'நல்ல சாப்பாட்ட நிப்பாட்டிட்டாங்களே, நான் என்னா தப்பு செஞ்சேன்'னு அழுவுது!"

அடுப்பைப் பற்றவைத்த வேகத்தில் என் சேலையே பற்றியிருக்கும். சுடச்சுட ரொட்டி விழ விழ, சேரும் தின்றார், நானாவும் தின்றார். பண்டாரவளைக்குப் போகிறாயா என்று சேர் கேட்டதற்கு, ஹருகா தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினாள். எனக்கு நின்ற அழுகை திரும்ப வந்துவிட்டது, இது வேறு அழுகை.

ஆகவே அண்ணா, வெளிநாட்டுப் பிள்ளையை எப்படிப் பார்ப்பதென்று யாருக்காவது சந்தேகம் வந்தால் உங்கள் தங்கையிடம் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு கட்டாயம் வந்துவிடுங்கள். முருகன் உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும்.

அன்புத் தங்கை,
விஜயலெட்சுமி

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். அன்று ஹருகா எங்களுக்குச் சமைத்துப் போடப் போகிறாளாம். மீன் சொல்லிவைத்திருக்கிறாள், ஆனால் அடுப்பு வேண்டாம் என்கிறாள். பச்சை மீனுக்குப் பயந்து இவர் பையைக் கட்டிவிட்டார். உங்களுக்குச் சுகமில்லை, பார்க்கப் போகிறோம் என்று சேர் மூலம் அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன். பாவம், பதறிப்போய்விட்டாள். மீனையும் எடுத்துக்கொண்டு அவளும் எங்களோடு வருகிறாள். வீட்டில் இருங்கள், முதல் துண்டு உங்களுக்குத்தானாம்.